வலசை போகும் பருந்துகள்: எண்ணும் முறையும் எண்ணின் பயனும்

ஐப்பசி பிறந்து தீபாவளி நெருங்கும் நாட்களில், மலாக்கா மாநிலத்தின் ஜாசின் மாவட்டத்திலுள்ள செலண்டார் வட்டாரத்தில், பிற்பகல் மழை வழக்கமாகிவிடும். காலையில் வெயில் நன்றாகக் காயும்; பத்து மணிக்கெல்லாம் பால்மரக் காட்டின் மேலும் செம்பனைத் தோட்டத்தின் மேலும் வெப்பம் ஏறும்; மூன்று மணிக்குள் வானம் இருண்டு விடும். இந்த இடைப்பட்ட சில மணி நேரத்தில் நிமிர்ந்து வானத்தைப் பார்ப்பவர், மேகத்தின் அடியில் கரும்புள்ளிகள் வட்டமிட்டு, பிறகு ஒன்றன்பின் ஒன்றாகத் தெற்கு நோக்கி நழுவிச் செல்வதைக் காணக்கூடும். பார்ப்பவர் பெரும்பாலும் 'பருந்து' என்று ஒரு சொல்லில் கூறிவிட்டுத் தம் வேலையைப் பார்க்கப் போய்விடுவர்.

அப்புள்ளிகள் உள்ளூர்ப் பறவைகளாக இருக்கத் தேவையில்லை. சப்பான், சீனம், கொரியா, இந்தோசீனம் ஆகிய நாடுகளின் காடுகளிலிருந்து குளிருக்கு அஞ்சிப் புறப்பட்டு, மலாய்த் தீபகற்பத்தின் வழியாகச் சுமத்திராவுக்கும் அதற்கு அப்பாலும் செல்லும் வேட்டைப் பறவைகளாகவும் அவை இருக்கலாம். ஆண்டுதோறும் அவை எத்தனை செல்கின்றன, எத்தனை திரும்புகின்றன என்று கணக்கெடுப்பது இன்று பறவை நூலின் ஒரு தனிப் பகுதியாக வளர்ந்துள்ளது. வானத்தில் பறப்பதை எண்ண முடியுமா, எண்ணினாலும் அதனால் என்ன பயன் என்னும் இரு வினாக்களுக்கும் விடை காண்பது தமிழாசிரியர்க்கும் மாணவர்க்கும் பயன் தரும்.

பழந்தமிழர் அறிந்த வலசை

பறவைகள் பருவந்தோறும் இடம் பெயர்வதைத் தமிழர் நெடுங்காலத்துக்கு முன்பே அறிந்திருந்தனர். 'வலசை' என்னும் சொல்லே அதற்குச் சான்று. புறநானூற்றில் பிசிராந்தையார் அன்னச் சேவல் ஒன்றை விளித்துப் பாடுகின்றார். அந்த அன்னம் தெற்கே குமரித் துறையில் இரை அருந்திவிட்டு வடமலைக்குத் திரும்புகின்றது. வழியில் உறையூரில் தங்கிக் கோப்பெருஞ்சோழனைக் காண வேண்டும் என்பது புலவரின் வேண்டுகோள். பிற்காலத்துச் சத்திமுற்றப் புலவரும் நாரையை விளித்துப் பாடிய பாட்டில், பெடையோடு குமரித் துறைக்குச் சென்று வடதிசைக்கு மீளும் பறவையையே தூதாக விடுகின்றார்.

இரு பாடல்களிலும் பறவையின் திசை வழுவின்றிக் கூறப்பட்டிருத்தல் ஈண்டு நோக்கத்தக்கது. குளிர்காலத்தைத் தெற்கே கழித்த பறவை, வேனில் தொடங்கும்போது வடக்கே திரும்பும் என்பது இன்றைய பறவை நூலும் ஒப்பும் உண்மை. பண்டைப் புலவர் திசையைக் கூறினர், பருவத்தைக் குறித்தனர், இடையே தங்கும் ஊரையும் சொல்லினர். தொகையை மட்டும் கூறவில்லை. பாட்டுக்கு அது தேவைப்படவில்லை. அந்தப் பறவைகள் இன்னும் வருகின்றனவா, குறைகின்றனவா என்று கேட்கும் காலம் வந்தபோதுதான் தொகை தேவைப்பட்டது.

பெயர்ச் செல்வம்

எண்ணுவதற்கு முன் இனம் பிரித்தறிய வேண்டும். இனம் பிரிப்பதற்குப் பெயர் வேண்டும். தமிழில் இதற்குப் பஞ்சம் இல்லை. பருந்து, கழுகு, எழால், வல்லூறு, எருவை, பாறு, இராசாளி, கருடன் என்று இலக்கியத்திலும் நிகண்டுகளிலும் மக்கள் வழக்கிலும் பல சொற்கள் உள்ளன. பழைய சொற்களுள் எச்சொல் இன்றைய எவ்வினத்தைக் குறிக்கும் என்று வரையறுப்பது எல்லா இடத்தும் எளிதன்று. ஆயினும் முன்னோர் இவற்றை எல்லாம் ஒன்றாகக் கருதவில்லை என்பது தெளிவு. பிணம் தின்பதை ஒரு பெயராலும், உயிருள்ள இரையை வேட்டையாடுவதை மற்றொரு பெயராலும் அவர்கள் வழங்கினர்.

மலேசிய வானில் கூட்டமாக வலசை செல்பவற்றுள் முதன்மையானவை ஐந்து. முதலாவது தேன்பருந்து. இது குளவிக் கூட்டையும் தேன்கூட்டையும் பிய்த்து அவற்றிலுள்ள புழுக்களை உண்ணும். கொட்டும் பூச்சிகளிடமிருந்து முகத்தைக் காக்கச் செதில் போன்ற நெருங்கிய இறகுகள் இதற்கு உண்டு. உடல் பெரிதாயினும் தலை சிறியது. புறாவின் தலையை ஒத்தது. இரண்டாவது கறுப்புக் கொண்டைப் பருந்து. காக்கையினும் சிறியது; கறுப்பும் வெள்ளையும் கலந்த நிறமும் தலையில் நீண்ட கொண்டையும் உடையது; பூச்சிகளை மிகுதியாக உண்பது; நெருங்கிய கூட்டமாகப் பறப்பது. மூன்றாவதும் நான்காவதும் சீன வல்லூறும் சப்பானிய வல்லூறும் ஆகும். ஐந்தாவது சாம்பல்முகப் பருந்து.

இவற்றை உள்ளூரிலேயே வதியும் பறவைகளோடு குழப்புதல் கூடாது. செம்பனைத் தோட்டத்தின் மேல் ஓரிடத்திலேயே சிறகடித்து நின்று எலி தேடும் வெண்ணிறச் சிறு பருந்தும், ஆற்றுமுகத்திலும் கடற்கரையிலும் திரியும் வெண்தலைச் செம்பருந்தாகிய கருடனும் ஆண்டு முழுதும் இங்கேயே காணப்படுபவை. வட்டமிட்ட பறவை மீண்டும் அதே மரத்துக்குத் திரும்புமாயின் அஃது உள்ளூர்ப் பறவை; வட்டமிட்டு உயர்ந்து ஒரே திசையில் சென்று மறையுமாயின் அது வழிப்போக்கன் என்பது பொதுவான அடையாளம்.

காற்றின் மீது ஏறும் வித்தை

பெரிய பருந்துகள் நெடுந்தூரம் சிறகடித்துப் பறப்பதில்லை. அவ்வாறு பறந்தால் உடலில் சேர்த்து வைத்த கொழுப்பு விரைவில் தீர்ந்துவிடும். அவை காற்றைப் பயன்படுத்திக் கொள்ளுகின்றன. வெயில் நிலத்தைச் சூடாக்கும்போது, நிலத்தை ஒட்டிய காற்றும் சூடேறி மேலே எழுகின்றது. எழுகின்ற அந்தக் காற்றுத் தூணுக்குள் புகுந்து சிறகை விரித்து வட்டமிட்டால், பறவை தானே உயரத் தூக்கப்படும். போதிய உயரம் கிடைத்ததும் அது வட்டத்தை விட்டு வெளியேறி, சரிவில் வழுக்குவதுபோல் அடுத்த காற்றுத் தூண் வரையில் மிதந்து செல்லும். அங்கே மீண்டும் வட்டம், மீண்டும் மிதப்பு. ஒரு நாள் பயணம் முழுவதும் இப்படியே ஏறி இறங்கிக் கழிகின்றது.

காலை வெயில் ஏறும் வரையில் பருந்துகள் புறப்படாமல் காத்திருப்பதன் காரணமும், பிற்பகல் மழை தொடங்கியதும் காட்டில் இறங்கிவிடுவதன் காரணமும் இதனால் விளங்கும்.

இந்த வித்தைக்கு ஒரு குறை உண்டு. கடல் நீர் நிலத்தைப்போல் விரைவில் சூடாவதில்லை. கடலின் மேல் எழுகாற்று பெரும்பாலும் வலுவற்றது. ஆதலால் பருந்துகள் இயன்றவரை நிலத்தை ஒட்டியே செல்லும். கடக்கத்தான் வேண்டும் என்றால் கடல் எங்கே குறுகியிருக்கின்றதோ அங்கே கடக்கும். பரந்த நிலத்தில் சிதறி வந்த பறவைகள் ஒரு முனையில் வந்து குவிவது இதனால்தான். புனலின் அகன்ற வாயில் ஊற்றிய நீர் அடியிலுள்ள சிறு துளை வழியாக ஓடுவதை இதற்கு உவமை கூறலாம். எண்ண விரும்புவோர் அந்தத் துளையின் ஓரத்தில் நின்றால் போதும்.

உலகில் அத்தகைய இடங்கள் சிலவே. மெக்சிகோ நாட்டு வேராகுரூசில் மலைக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய சமவெளியில், ஒவ்வோர் இலையுதிர்காலத்திலும் 40 இலட்சத்துக்கு மேற்பட்ட வேட்டைப் பறவைகள் எண்ணப்படுகின்றன. ஆசியாவில் தாய்லாந்தின் சும்போன் பகுதி அத்தகையது. தீபகற்பம் மிகக் குறுகும் கிரா பூசந்திக்கு அண்மையில் உள்ளது. 2003-ஆம் ஆண்டு இலையுதிர்காலத்தில் அங்கே நடந்த கணக்கெடுப்பில் 170,000-க்கு மேற்பட்ட பறவைகள் எண்ணப்பட்டன. அங்கிருந்து தெற்கே வருபவற்றுள் பெரும்பகுதிக்கு மலேசிய மண்ணே அடுத்த வழி.

மலாக்காவின் தனி முனை

மலாக்கா மாநிலத்துக்கே உரிய அத்தகைய முனை ஒன்று உண்டு. அது தஞ்சோங் துவான். ஆட்சி முறையில் மலாக்காவைச் சேர்ந்ததாயினும், அம்மாநிலத்தின் மற்றப் பகுதிகளோடு ஒட்டாமல், நெகிரி செம்பிலான் நிலம் சூழ, போர்ட்டிக்சனுக்குத் தெற்கே கடலுக்குள் நீண்டு நிற்கின்றது. போர்த்துக்கீசியர் இதற்கு இட்ட பெயர் கேப் ரச்சாடோ. 'பிளவுண்ட முனை' என்பது அதன் பொருள். 1606-இல் ஒல்லாந்தரும் போர்த்துக்கீசியரும் மலாக்காவின் பொருட்டு மோதிய கடற்போர் இம்முனையின் பெயராலேயே வழங்குகின்றது. குன்றின் உச்சியில் இன்று காணும் கலங்கரை விளக்கம் 1863-இல் எழுப்பப்பட்டது. அதனைச் சுற்றி ஏறத்தாழ 80 ஹெக்டர் பரப்பில் கரையோரக் காடு எஞ்சி நிற்கின்றது.

இம்முனைக்கு நேர் எதிரே, நீரிணைக்கு அப்பால், சுமத்திராவை ஒட்டிய ரூப்பாட் தீவு உள்ளது. இடைப்பட்ட தூரம் ஏறத்தாழ 38 கிலோமீட்டர். பறவை மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் சென்றால் ஒரு மணி நேரத்தில் கடந்துவிடலாம். கப்பலுக்கு வழிகாட்டிய குன்று பருந்துக்கும் வழிகாட்டுகின்றது என்று கூறினால் மிகையாகாது.

1940-இல் தோன்றிய மலேசிய இயற்கைக் கழகம் இங்கே வலசைப் பருந்துகளைக் கணக்கிட்டு வந்துள்ளது. 2000-ஆம் ஆண்டில் தொடங்கிய பருந்து காணும் விழா மார்ச்சு மாதத்தில் கலங்கரை விளக்கத்தின் அடியில் நடைபெறுகின்றது. பள்ளி மாணவர் முதல் முதியோர் வரையில் பலர் கூடி, கடலைக் கடந்து வரும் பறவைகளைத் தலை நிமிர்த்திக் காண்கின்றனர்.

போகும் கரையும் வரும் கரையும்

தெற்கே செல்லும் பயணம் ஐப்பசி, கார்த்திகையில் நடக்க, விழா மட்டும் ஏன் மாசி, பங்குனியில் நடக்க வேண்டும் என்னும் ஐயம் எழலாம். இதற்கு விடை பறவையின் உயரத்தில் இருக்கின்றது.

ஐப்பசியில் பருந்து இம்முனையை விட்டுப் புறப்படுகின்றது. கடலைக் கடக்க அதற்கு இயன்ற அளவு உயரம் வேண்டும். ஆகவே நிலத்தின் மேலேயே நெடுநேரம் வட்டமிட்டு மிக உயரத்துக்கு ஏறிய பிறகே கடலை நோக்கி மிதக்கும். கீழே நிற்பவர்க்கு அது வெறும் புள்ளி. மேகத்தில் மறைந்தால் அதுவும் இல்லை.

பங்குனியில் அதே பருந்து ரூப்பாட் கரையில் உயரம் பெற்றுப் புறப்பட்டு, கடலின் மேல் உயரத்தைச் சிறிது சிறிதாக இழந்து, சோர்ந்து சிறகடித்து, மரங்களின் தலைக்குச் சற்று மேலாகத் தஞ்சோங் துவானை அடைகின்றது. குன்றின் சரிவில் மோதி எழும் காற்றும், வெயிலில் சூடான நிலமும் அதனை மீண்டும் தூக்குகின்றன. கலங்கரை விளக்கத்தின் அடியில் நிற்பவர் அதன் கண்ணையும் இறகின் வரிகளையும் காணலாம்.

புறப்படும் கரையில் பறவை உயரத்தில் இருக்கும். வந்து சேரும் கரையில் தாழ்ந்திருக்கும். ஒரே முனை, ஒரே பறவை, ஒரே வழி. ஆயினும் இரு பருவத்தில் இரு வேறு தொகை. ஐப்பசித் தொகை சிறிதாகவும் பங்குனித் தொகை பெரிதாகவும் இருந்தால், இடையில் பறவைகள் பெருகிவிட்டன என்று கொள்வது பெரும்பிழை. கண்ணுக்கு அகப்பட்டவை பெருகின என்பதே அதன் பொருள். கணக்கெடுப்பின் முதற்பாடம் இது.

எண்ணும் முறை

வட்டமிடும் கூட்டத்தை எண்ண முயல்வது வீண் வேலை. நூறு பறவைகள் மேலும் கீழுமாகச் சுழலும்போது, எண்ணியதையே மீண்டும் எண்ணுவதும் எண்ணாததை விடுவதும் இயல்பு. அறிந்தவர் காத்திருப்பர். கூட்டம் உயரம் பெற்றதும் பறவைகள் வட்டத்தை விட்டு ஒன்றன்பின் ஒன்றாக, நூலில் கோத்த மணிபோல் வெளியேறும். அப்போது வானத்தில் ஒரு கோட்டை மனத்தில் வரைந்து கொண்டு, அதனைக் கடப்பவற்றை மட்டும் எண்ணுவர். கையில் உள்ள எண்ணுகருவியை ஒவ்வொரு பறவைக்கும் ஒரு முறை அழுத்துவர். கோட்டைக் கடந்து மீண்டும் திரும்பும் பறவையைத் தொகையிலிருந்து கழிப்பர். கூட்டம் மிகப் பெரிதாயின் பத்துப் பறவைகளை எண்ணி, அந்தப் பத்து வானத்தில் எவ்வளவு இடம் பிடிக்கின்றது என்று கண்ணால் அளந்து, அதே அளவைக் கொண்டு கூட்டத்தின் மற்றப் பகுதியை மதிப்பிடுவர்.

பழக்கமில்லாத கண் பெருங்கூட்டத்தைக் குறைத்தே மதிப்பிடும். இதனை வகுப்பறையிலேயே சோதிக்கலாம். ஒரு கைப்பிடி அரிசியைக் கரும்பலகை போன்ற தட்டையான பரப்பில் விசிறி, ஐந்து நொடி மட்டும் பார்க்கச் செய்து, எத்தனை என்று மாணவரைக் கேட்க வேண்டும். பிறகு எண்ணிப் பார்க்க வேண்டும். சொன்னதற்கும் உள்ளதற்கும் இடைப்பட்ட வேறுபாடு முதல் நாளில் வியப்பளிக்கும். சில வாரப் பயிற்சியில் அது சுருங்கும்.

கணக்கேட்டில் தொகை மட்டும் இருந்தால் போதாது. ஒவ்வொரு மணி நேரத்துக்கும் தனித்தனியே பதிய வேண்டும். காற்றின் திசை, மேகத்தின் அளவு, மழை, பார்ப்பவர் எத்தனை பேர், எந்நேரம் தொடங்கி எந்நேரம் முடித்தனர் என்பனவும் வேண்டும். அதனோடு 'இனம் தெரியாதவை' என்று ஒரு கட்டம் இருத்தல் இன்றியமையாதது. தொலைவில் சென்ற புள்ளியைத் தேன்பருந்து என்று ஊகித்து எழுதுவதைவிடத் தெரியவில்லை என்று எழுதுவது மேல். தேன்பருந்தின் நிறம் ஒன்றுக்கொன்று பெரிதும் வேறுபடும். வெளிர் நிறத்தவையும் கருநிறத்தவையும் உண்டு. வல்லவரும் தடுமாறுவர். அந்தக் கட்டம் என்றும் வெறுமையாக இருக்கும் ஏட்டை அறிஞர் ஐயத்தோடு நோக்குவர்.

தொகை வேறு, அளவுகோல் வேறு

இவ்வளவு கவனத்தோடு எண்ணினாலும் கிடைக்கும் தொகை பறவைகளின் முழு எண்ணிக்கையன்று. உயரத்தில் சென்றவை, முனையை விட்டு விலகிச் சென்றவை, எண்ணுவோர் இல்லாத நாளில் சென்றவை எல்லாம் கணக்கில் வாரா. குறைந்தது இத்தனை சென்றன என்பதை மட்டுமே அது கூறும். பல முனைகளில் கண்ட தொகைகளைக் கூட்டி முழு எண்ணிக்கை காண்பதும் தவறு. சும்போனில் எண்ணப்பட்ட அதே பறவை, நாட்கள் கழித்துத் தஞ்சோங் துவானிலும் எண்ணப்படலாம். கடலுக்கப்பால் ரூப்பாட்டிலும் எண்ணப்படலாம். மூன்றையும் கூட்டினால் ஒரு பருந்து மூன்றாகிவிடும்.

அவ்வாறாயின் எண்ணுவதன் பயன் யாது? ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்கலாம். ஒரு முனையின் வழியாக ஓராண்டில் 10,000 பறவைகள் செல்வதாகவும், அவற்றுள் பத்துக்கு நான்கே எண்ணுவோர் கண்ணில் படுவதாகவும் வைத்துக் கொள்வோம். ஏட்டில் 4,000 பதியப்படும். சில ஆண்டுகள் கழித்து 8,000 பறவைகளே செல்கின்றன, முறை மாறவில்லை, அப்போது ஏட்டில் 3,200 இருக்கும். 10,000 என்பதும் 8,000 என்பதும் யாருக்கும் தெரியாது. ஆயினும் ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிட்டது என்னும் உண்மை ஏட்டில் விழுந்துவிடும்.

இனி மற்றொரு நிலை. பறவைகள் அதேபோல் 8,000 ஆகக் குறைந்தன. ஆனால் எண்ணுவோர் தொகை கூடிற்று. நல்ல தொலைநோக்கிகளும் வந்தன. பத்துக்கு ஐந்து கண்ணில் பட்டன. ஏட்டில் 4,000 பதியப்படும். குறைவே இல்லை என்று அனைவரும் மகிழ்வர். பறவைகள் குறைந்ததை ஏடு மறைத்துவிடும்.

ஆகவே கணக்கெடுப்பின் உயிர் பெரிய தொகையில் இல்லை. மாறாத முறையில் இருக்கின்றது. அதே குன்று, அதே நாட்கள், அதே நேரம், அதே கோடு என்று ஆண்டுக்கு ஆண்டு வழுவாது செய்யும்போதுதான் தொகை அளவுகோலாகின்றது. ஓர் ஆண்டுக் கணக்கு செய்தி. இருபது ஆண்டுக் கணக்கு சான்று. ஒரு நாள் மழை பெய்து பறவை காணாமல் போனாலும், 'இன்று எதுவும் இல்லை' என்று எழுதப்பட்ட அந்த வரியும் சான்றின் ஒரு பகுதியே.

எண் கொடுத்த எச்சரிக்கை

இத்தகைய பொறுமை எவ்வளவு பெரிய பயனைத் தந்தது என்பதற்கு அமெரிக்க நாட்டுப் பென்சில்வேனியா மாநிலத்தின் பருந்து மலை சான்று. ஒரு காலத்தில் அம்மலையில் வேட்டைக்காரர் கூடி, வலசை செல்லும் பருந்துகளை ஆயிரக்கணக்கில் சுட்டு வீழ்த்தினர். 1934-இல் ரோசலி எட்சு என்னும் அம்மையார் அந்த மலையைக் குத்தகைக்கு எடுத்து, மோரிசு புரோன் என்பவரைக் காவலராக அமர்த்தினார். துப்பாக்கி நின்ற இடத்தில் புரோன் ஏட்டோடு அமர்ந்து எண்ணத் தொடங்கினார். போர்க்கால இடைவெளி தவிர, அந்த எண்ணிக்கை தொடர்ந்து நடந்து வந்துள்ளது.

புரோன் வெண்தலைக் கழுகுகளை எண்ணும்போது இளையவை எத்தனை, முதியவை எத்தனை என்றும் பிரித்து எழுதினார். 1935 முதல் 1939 வரையில் கண்ட கழுகுகளுள் நூற்றுக்கு 40 இளையவை. 1955 முதல் 1959 வரையில் அது 20 ஆகக் குறைந்தது. 1957-இல் 32 முதிய கழுகுகளுக்கு ஓர் இளங்கழுகே காணப்பட்டது. கழுகுகள் பறந்து கொண்டுதான் இருந்தன. ஆனால் அவற்றுக்குக் குஞ்சுகள் இல்லை. குழந்தைகள் இல்லாத ஊர்போல் ஆயிற்று அந்த இனம்.

ரேச்சல் கார்சன் 1962-இல் வெளியிட்ட 'மௌன வசந்தம்' என்னும் நூலில் இந்தக் கணக்கைச் சான்றாகக் காட்டினார். டி.டி.டி. என்னும் பூச்சிக்கொல்லி மருந்து பூச்சியிலிருந்து மீனுக்கும், மீனிலிருந்து கழுகுக்கும் ஏறி, முட்டையின் ஓட்டை மெலியச் செய்தது. அடைகாக்கும் தாயின் எடையைத் தாங்காமல் முட்டைகள் நொறுங்கின என்பது பின்னர் ஆராய்ச்சியால் தெளிவாயிற்று. 1972-இல் அமெரிக்கா அம்மருந்தின் பொதுப் பயன்பாட்டைத் தடை செய்தது. வெண்தலைக் கழுகு மெல்ல மெல்லப் பெருகி, 2007-இல் அழியும் நிலையிலுள்ள உயிர்களின் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. மருந்தின் கேட்டை நாடு உணரும் முன்பே புரோனின் ஏட்டில் அது பதிந்திருந்தது.

இந்தியாவின் நாகாலாந்து மாநிலத்தில் நடந்தது இதற்கு அண்மைக்கால எடுத்துக்காட்டு. அமூர் வல்லூறு என்னும் சிறிய வேட்டைப் பறவை, சைபீரியாவின் கிழக்குப் பகுதியிலும் வட சீனத்திலும் குஞ்சு பொரித்து, ஐப்பசி, கார்த்திகையில் நாகாலாந்தின் தோயாங் நீர்த்தேக்கத்தின் கரையில் பெருந்திரளாக இறங்கி இளைப்பாறும். பின்னர் இந்தியாவையும் அரபிக் கடலையும் கடந்து தென் ஆப்பிரிக்கப் பகுதிகளுக்குச் செல்லும். 2012-இல் அந்நீர்நிலையின் கரையில் வலை விரித்துப் பிடிப்பவர்கள் எத்தனை கூட்டத்தார், ஒவ்வொரு கூட்டத்தாரும் நாளொன்றுக்கு எத்தனை பிடிக்கின்றனர் என்று இயற்கை ஆர்வலர் கணக்கிட்டனர். ஒரு நாளைக்கு 12,000 முதல் 14,000 வரையிலும், அப்பருவத்தில் 120,000 முதல் 140,000 வரையிலும் கொல்லப்பட்டிருக்கக் கூடும் என்று அவர்கள் மதிப்பிட்டனர்.

இறந்தவற்றை எண்ணிய அந்தக் கணக்கு உலகை உலுக்கிற்று. அதைவிடப் பெரிதாக, அது அவ்வூர் மக்களின் நெஞ்சைத் தொட்டது. பிடித்து விற்பது அவர்களுள் பலருக்கு வருவாயாக இருந்தும், ஊர்ச் சபைகளும் தேவாலயங்களும் முன்னின்று தடுத்தன. அடுத்த ஆண்டாகிய 2013-இல் அங்கே வலைகள் விரிக்கப்படவில்லை. அவ்வாண்டு மூன்று பறவைகளின் முதுகில் சிறு கருவிகளைப் பொருத்தித் துணைக்கோள் வழியாகப் பின்தொடர்ந்தனர். அவற்றுக்கு நாகா, வோக்கா, பாங்டி என்று அம்மண்ணின் பெயர்களே இடப்பட்டன.

துணைக்கோளும் ஏடும்

துணைக்கோள் வந்துவிட்டதால் குன்றில் நின்று எண்ணுவது இனித் தேவையில்லை எனச் சிலர் கருதலாம். இரண்டும் வேறு வேறு வினாக்களுக்கு விடை கூறுபவை. சப்பானிய அறிஞர் இகுச்சியும் அவர்தம் குழுவினரும் 2003 முதல் தேன்பருந்துகளைத் துணைக்கோளால் பின்தொடர்ந்து அரிய செய்திகளைக் கண்டனர். மத்திய சப்பானில் கோடையைக் கழிக்கும் தேன்பருந்து, இலையுதிர்காலத்தில் காற்றின் துணையோடு கிழக்குச் சீனக் கடலில் ஏறத்தாழ 700 கிலோமீட்டரைக் கடந்து சீனத்தை அடைகின்றது. பின்னர் இந்தோசீனம், தாய்லாந்து, மலாய்த் தீபகற்பம் வழியாகச் சுமத்திரா, சாவா, போர்னியோ முதலிய இடங்களுக்குச் செல்கின்றது. திரும்பும்போது அக்கடலைக் கடப்பதில்லை. சீன நிலத்தின் வழியாகச் சுற்றிக் கொரியாவுக்கு வந்து தன் பழைய காட்டை அடைகின்றது. ஒரு வழிப் பயணமே ஏறத்தாழ 10,000 கிலோமீட்டர்.

ஒரு பருந்து எவ்வழியில் செல்கின்றது என்பதைத் துணைக்கோள் கூறும். அவ்வழியில் எத்தனை பருந்துகள் செல்கின்றன, சென்ற ஆண்டைவிடக் கூடினவா குறைந்தனவா என்பதை அது கூறாது. அதற்குக் குன்றின் மேல் ஒருவர் வெயிலில் நிற்கத்தான் வேண்டும்.

இந்த வழியை அறிந்த பின் தஞ்சோங் துவானின் 80 ஹெக்டர்க் காட்டின் மதிப்பு நன்கு விளங்கும். சப்பானில் எவ்வளவு காடு காக்கப்பட்டாலும், சுமத்திராவில் எவ்வளவு மரம் நின்றாலும், கடலைக் கடந்து சோர்ந்து வரும் பறவைக்கு முதலில் கால் வைக்கக் கிடைக்கும் மரம் இந்தக் குன்றில் உள்ளது. நெடுவழியில் ஒரு சுமைதாங்கிக் கல்லும் ஒரு தண்ணீர்ப் பந்தலும் இல்லாமற் போனால் வழிப்போக்கன் என்ன ஆவான் என்பதைத் தமிழ் மக்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

செலண்டாரில் செய்யக்கூடியது

முனைக்குச் சென்று எண்ணுவது எல்லார்க்கும் இயலாது. ஆனால் பதிவு செய்வதற்கு முனை ஒன்றே இடம் அன்று. ஐப்பசித் திங்களில் பள்ளித் திடலில் நாள்தோறும் ஒரே நேரத்தில், காலை பத்து மணி முதல் பதினொரு மணி வரையிலாயினும், விடுமுறை நாளில் மாணவர் சிலர் வானத்தைப் பார்க்கலாம். தேதி, நேரம், பறவைகளின் தொகை, சென்ற திசை, வானிலை என்னும் ஐந்து கட்டங்கள் உள்ள ஓர் ஏடு போதும். இனம் தெரிந்தால் எழுதலாம்; தெரியாவிட்டால் தெரியவில்லை என்று எழுதலாம். ஏடு ஒரு மாணவன் கையிலிருந்து அடுத்த மாணவன் கைக்கு மாறினாலும் முறை மாறாதிருந்தால், பத்தாண்டுகளில் அது எந்த நூலகத்திலும் கிடைக்காத நூலாகிவிடும்.

அதில் மற்றொரு பயனும் உண்டு. பெயர் தெரியாத பறவையை எவரும் தேடுவதில்லை. அது வராவிட்டாலும் எவருக்கும் தெரிவதில்லை. 'பருந்து' என்று ஒரு சொல்லில் அடக்கியதைத் தேன்பருந்து, கொண்டைப் பருந்து, வல்லூறு என்று பிரித்துச் சொல்லக் கற்ற மாணவன், அடுத்த ஐப்பசியில் அது வருகின்றதா என்று தானே தலை நிமிர்ந்து பார்ப்பான். வராத ஆண்டில், வரவில்லை என்று எழுதவும் ஒருவன் இருப்பான்.